ஒரே ஆற்றங்கரையில் மூன்று வாய்கள்

(திருவொற்றியூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். ஏலம் முடிந்து, மீன் வெட்டுகிற இடத்தில் கூட்டம் சேரும் நேரம். ஒரு அக்கா பால்சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவர்களுக்குப் புட்டு செய்து கொடுப்போமே, அந்தச் சுறா. தலையைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

"அந்தத் தாடைய மட்டும் குடுங்கக்கா" என்றேன்.

"இன்னா சார், கறிய வுட்டுட்டு பல்லக் கேக்குறீங்க?" என்றார். ஆனாலும் கத்தியால் இரண்டு கீறு கீறி, தாடையைப் பிரித்து, உள்பக்கச் சவ்வைக் கட்டைவிரலால் கீழே தள்ளிக் காட்டினார். முன்வரிசைப் பற்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று. உள்ளே போகப்போகப் பற்கள் மல்லாந்து படுத்துக் கிடந்தன. "முன்னாடி ஒண்ணு போச்சுன்னா பின்னாடி இருக்கறது வந்து நின்னுக்கும் சார். ரேசன் கடை லைன் மாதிரி" என்றார்.

முப்பது ஆண்டுகள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை. அந்தத் தாடை இதோ, இந்தச் செய்தித்தாள் பொட்டலத்தில் இருக்கிறது. பிறகு சுற்றி அனுப்புகிறேன்.

முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, யாருக்கெல்லாம் பல் விழுந்திருக்கிறது? சரி, கையை இறக்குங்கள். நான் சிறுவனாக இருந்தபோது ராயபுரத்தில் எங்கள் வீடு ஓட்டு வீடு. பல் விழுந்தால் எங்கள் ஆயா அதைச் சாணி உருண்டைக்குள் வைத்து, கூரைமேல் எறியச் சொல்லும். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடி வர வேண்டும். சில வாரங்களில் புதுப் பல் முளைக்கும். அந்தப் பல்லும் விழுந்தால்? அதற்கு ஆயாவிடம் உருண்டை எதுவும் இல்லை. ஆயாவின் வாயிலேயே அப்போது நாலைந்து பல்தான் மிச்சம்.

சுறாவுக்குச் சாகும்வரை பல் முளைக்கிறது. நமக்குப் பால்பல் 20, நிலைப்பல் 32, அத்தோடு முடிந்தது. ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் இருபத்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்குகளின் வாய்க்குள் போய் நிற்போம். அங்கேதான் உங்களைக் கூட்டிப் போகப்போகிறேன்.

அதற்கு முன் நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பல்லி இருக்கும். அதன் பற்கள் தாடை எலும்பின் உள்பக்கச் சரிவில் ஒட்டியிருக்கின்றன. ஒன்று விழ ஒன்று முளைக்கும். ஆயுள் முழுக்க ஓயாது. இப்போது வெளியே போய் வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானைப் பாருங்கள். அதற்கு முன்பக்கம் உள்ள சில பற்கள்தான் மாறும். மற்றவை தாடையின் விளிம்பு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனவை. அவை விழுவதுமில்லை, மாறுவதுமில்லை, தேயும். ஓணான் வளர வளரத் தாடையின் பின்கோடியில் புதுப் பல் சேர்ந்துகொண்டே போகும். ஆக, ஒரு கிழட்டு ஓணானின் வாயில் முன்னால் தேய்ந்த பழம்பற்கள், பின்னால் கூரான புதுப்பற்கள். அதன் வயது வரிசையாக எழுதிவைத்த மாதிரி இருக்கும். சுவரில் ஒரு வழி, வேலியில் ஒரு வழி. இரண்டுமே பல்லி இனந்தான்.

பல் எப்படி மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாடை ஓரமாக, ஈறுக்குள்ளே ஒரு மெல்லிய திசுப்பட்டை ஓடுகிறது. அதைப் பல்லுக்கான நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு மொட்டு பிரிந்து, பழைய பல்லின் வேருக்கு உள்பக்கமாக வந்து உட்காரும். முதலில் பல்லின் நுனி உருவாகும். வெளியே எனாமல், உள்ளே டென்டைன். வேர் பிறகுதான். நுனி வளர்ந்து அழுத்த அழுத்த, பழைய பல்லின் வேர் அந்த இடத்தில் கரைந்து குழி விழும். கடைசியில் வேர் முழுவதும் கரைந்து, மேலே இருக்கும் தொப்பி மட்டும் கழன்று விழும். உங்கள் பால்பல்லை யாராவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா? அதற்கு வேர் இருக்காது, அடியில் வெற்றுக் குழி இருக்கும். வேர் ஒடியவில்லை, கரைந்தது.

முதலையிடம் இது இன்னும் அழகாகத் தெரியும். ஈசிஆர் சாலையில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். முதலையின் பல் உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் அடுத்த பல் நிற்கும், கோன் ஐஸ் கடையில் கோனுக்குள் கோன் செருகி அடுக்கி வைத்திருப்பார்களே, அப்படி. வெளிக்கோன் விழுந்தால் உள்கோன் தயார். ஆப்பிரிக்காவின் நைல் முதலையை ஆராய்ந்தவர்கள், ஒரே குழியில் வாழ்நாளில் 45, 50 தடவைகூடப் பல் மாறலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே சமயத்தில் எல்லாப் பல்லும் விழுந்துவிட்டால் விலங்கு பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதனால் ஒற்றைப்படை இடத்துப் பற்கள் ஒரு தவணை, இரட்டைப்படை இடத்துப் பற்கள் ஒரு தவணை என்று அலை அலையாக மாறும். ஹார்பரில் ஷிப்டு மாறுவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை ஒரு நிமிஷம்கூட நிற்காது.

நமக்கு அந்த நாற்றங்கால், நிலைப்பல் உருவானதும் வறண்டு கலைந்துவிடுகிறது. பல்லிக்கும் முதலைக்கும் அது வற்றுவதில்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

இனி ரயிலேறுவோம். நம் திருவொற்றியூர் ஸ்டேஷனில் நிற்காமல் கடந்துபோகிற ஜி.டி. எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் எண்ணூர், கூடூர், விஜயவாடா, வாரங்கல் எல்லாம் தாண்டி, மஞ்சிரியால், பெல்லம்பல்லி என்று கோதாவரிப் பள்ளத்தாக்குக்குள் நுழையும். சிங்கரேணி நிலக்கரி பூமி அது. பழைய அதிலாபாத் மாவட்டம். டில்லிக்குப் போனவர்கள் பலரும் அந்த இடத்தில் தூங்கிக்கொண்டு போயிருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் மலேரி என்றொரு சிற்றூர். அதன் பெயரால் ஒரு பாறை அடுக்கு உண்டு. பாறை என்றால் கருங்கல் இல்லை. செக்கச் செவேலென்ற களிமண், மழை பெய்தால் கரைந்து ஓடுகிற மண். டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது.

அங்கே முறையாகத் தோண்டத் தொடங்கியது ஒரு புள்ளியியல் நிறுவனம். கேட்க வியப்பாக இருக்கும். கல்கத்தாவில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், அவர் அழைப்பின் பேரில் 1950களின் இறுதியில் பமேலா ராபின்சன் என்ற ஆங்கிலேய அம்மையார் வந்து தொல்லுயிர் ஆய்வைத் தொடங்கிவைத்தார். அவர் வளர்த்த குழுவில் ஒருவர் சங்கர் சட்டர்ஜி. மலேரி மண்ணில் கிடைத்த விலங்குகளை ஒவ்வொன்றாக உலகத்துக்கு எழுதிக் காட்டியவர். அவற்றில் மூன்று வாய்களை மட்டும் இன்று பார்ப்போம். மூன்றும் ஒரே காலம், ஒரே ஆற்றங்கரை. பல் என்ற ஒரே பிரச்சினைக்கு மூன்று வேறு பதில்கள்.

முதல் வாய் பாராசூக்கஸ். நாக்பூரில் இருந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப்பின் பெயரைச் சேர்த்து பாராசூக்கஸ் ஹிஸ்லாபி என்பார்கள். பார்த்தால் முதலை என்றே நினைப்பீர்கள். நீண்ட மூக்கு, வரிசைப் பற்கள். ஆனால் மூக்குத் துவாரம் நுனியில் இல்லை, கண்களுக்குப் பக்கத்தில். முதலையின் தூரத்துச் சொந்தம், முதலை அல்ல. இரண்டு பாராசூக்கஸ் எலும்புக்கூடுகள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. அவற்றின் வயிற்றுக்குள் இருந்தது, அதுவரை யாரும் பார்த்திராத சிறிய ஊர்வன ஒன்றின் எலும்பு. அதற்கு மலேரிசாரஸ் என்று பெயர் வைத்தார் சட்டர்ஜி. இனப்பெயராக ராபின்சன் அம்மையாரின் பெயரைச் சேர்த்தார். பாராசூக்கஸின் பல் முறை முதலையின் முறைதான். குழிக்குள் பல், விழ விழ முளைக்கும். பிடித்து இழுத்து விழுங்குகிற வாய்க்கு அது போதும். ஒரு பல் குட்டை, ஒரு பல் நெட்டை என்று இருந்தாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது வாய்தான் என் மனதுக்கு நெருக்கமானது. ஹைபரோடபிடான். 1859இல் ஸ்காட்லாந்தின் எல்ஜின் பகுதியில் கிடைத்த எலும்பைப் பார்த்து ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி வைத்த பெயர். மலேரியில் கிடைத்த இனத்துக்கு ஹக்ஸ்லியின் பெயரையே வைத்து ஹைபரோடபிடான் ஹக்ஸ்லியி என்கிறோம். சட்டர்ஜி இதைப்பற்றி விரிவாக எழுதியது 1974இல். ஒரு பெரிய நாய் அளவு, பீப்பாய் உடம்பு. முகத்துக்கு முன்னால் கிளி மூக்கு மாதிரி வளைந்து இறங்கும் எலும்பு அலகு. மேலிருந்து பார்த்தால் தலை முக்கோணமாக இருக்கும். பின்பக்கம் அவ்வளவு அகலம், கடிக்கும் தசைக்காக.

அதன் மேல்தாடையில் பற்கள் ஒற்றை வரிசையாக இல்லை. தட்டுப்போல அகன்ற எலும்பில் வரிசை வரிசையாகப் பல் பதித்திருக்கிறது, நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம். கீழ்த்தாடையின் விளிம்பு கத்தி மாதிரி ஒடுங்கி, வாய் மூடும்போது அந்தப் பள்ளத்துக்குள் அச்சாகப் போய் உட்காரும். வீட்டில் ஆயா வைத்திருந்த பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அரைக்காது. மேலும் கீழும் இறங்கி நறுக்கும். சட்டர்ஜி, இது ஆற்றுச் சிப்பியை உடைத்துத் தின்ற விலங்காக இருக்கலாம் என்று கருதினார். பிறகு மைக்கேல் பென்டன் போன்ற தொல்லுயிர் ஆய்வாளர்கள் பல்லின் தேய்மானத்தைப் பார்த்து, சிப்பி உடைக்கிற வாய்க்கு இந்த வெட்டும் அமைப்பு எதற்கு, முரட்டுத் தாவரங்களை நறுக்கியிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு யாரும் தேங்காய் உடைப்பதில்லை.

இந்த வாயில் ஒரு பல் குட்டையாகவும் அடுத்தது நெட்டையாகவும் இருந்தால் வெட்டு இறங்காது. பல் விழுந்து, இடையில் ஓட்டை விழுந்தால் வெட்டு நடுவில் நின்றுபோகும். ஆகவே ஹைபரோடபிடான் பல்லை மாற்றும் பழக்கத்தையே விட்டுவிட்டது. பற்கள் ஆழமான குழிக்குள் இறங்கி எலும்போடு இறுகிவிட்டன. தாடை வளர வளரப் பின்கோடியில் மட்டும் புதுப் பற்கள் சேர்ந்தன. முன்னால் இருப்பவை எலும்பு மட்டத்துக்குத் தேய்ந்து மழுங்கின. ஆம், நம் வேலி ஓணான் செய்கிற அதே காரியம். ஓணானுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. தேவை ஒன்றானதால் வழியும் ஒன்றானது.

ஹைபரோடபிடானின் தாடையைக் கையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த விலங்கின் ஆயுட்காலம் முழுவதும் ஒரே எலும்பில் தெரியும். முன்நுனி அதன் குழந்தைப் பருவம். பின்நுனி அது செத்த வருஷம். மாற்றாத வாயில் எதுவும் தொலைந்துபோவதில்லை.

மூன்றாவது வாய் எக்ஸேரிடோடான். இது ஊர்வன அல்ல. பாலூட்டிகளின் முன்னோர் வழியில் வந்த சைனோடான்ட் வகை. அதாவது நம் வீட்டு மூதாதையரின் பங்காளி. மலேரியில் கிடைத்த இனத்துக்கு 1982இல் சட்டர்ஜி வைத்த பெயர் எக்ஸேரிடோடான் ஸ்டாடிஸ்டிகே. புள்ளியியல் நிறுவனத்துக்கு அவர் செலுத்திய நன்றி அந்தப் பெயர். ஒரு கல்விச்சாலையின் பெயர் 23 கோடி ஆண்டு பழைய விலங்கின் மீது ஏறி நிற்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இதன் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்துகிறவை. மெல்லுகிற வாய். இங்கேயும் ஒரு பல்லுக்கு அடியிலிருந்து இன்னொரு பல் வருவதில்லை. ஆனால் ஓணான் மாதிரி சும்மா தேய்ந்துகொண்டும் இருப்பதில்லை. பின்னால் புதுப் பல் முளைக்கும். முன்னால் தேய்ந்தது உதிரும். இடையில் உள்ள வரிசை முழுவதும் மெல்ல மெல்ல முன்னோக்கி நகரும். எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி யார்டுக்குப் போகிறதே, அதே நகர்ச்சி. பெல்ட்டின் வேகந்தான் வேறு, இதற்கு ஆண்டுகள் ஆகும். (தால்ச்சரில் வெட்டி பாரதீப் வழியாக இங்கே வருகிற அந்தக் கரி, எக்ஸேரிடோடானை விடவும் மூத்தது. பெர்மியன் காலத்துக் காடு அது.) இன்றைக்கு யானையின் கடைவாய்ப் பற்கள் இப்படித்தான் பின்னாலிருந்து முன்னால் வருகின்றன, ஒரு பக்கத்துக்கு ஆறு, ஆறும் தீர்ந்தால் யானைக்கு உணவு மெல்ல வழியில்லை.

இப்போது ஆயாவிடம் பதில் இல்லாத அந்தக் கேள்விக்கு வரலாம். அடிக்கடி மாற்றுகிற வாயால் நுட்பமாகப் பொருத்துவது கடினம். நுட்பமாகப் பொருத்துகிற வாயால் அடிக்கடி மாற்றுவது கடினம். பல்லியும் முதலையும் முதல் பக்கம் நின்றன. ஹைபரோடபிடானும் எக்ஸேரிடோடானும் இரண்டாம் பக்கம் போயின, ஆளுக்கொரு வழியில். பாலூட்டிகள் இரண்டாம் பக்கத்தில் வெகுதூரம் போய்விட்டவை. மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும் நமக்கு. ஒரு பல் அடைத்த பிறகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால், அன்று முழுக்கச் சோறு இறங்காது, அவ்வளவு நுட்பமான பொருத்தம். இதில் அடிக்கடி மாற்றம் நடந்தால் பொருத்தம் எப்படி நிலைக்கும்? ஒரே ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டோம். அதற்கும் தாய்ப்பால் கை கொடுத்தது. பிறந்தவுடன் மெல்ல வேண்டியதில்லை. பல் இல்லாமலே குழந்தை வளரலாம். சின்னத் தாடைக்கு ஒரு செட், வளர்ந்த தாடைக்கு ஒரு செட். முதலைக்குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. முட்டையை உடைத்து வெளியே வந்த நாளிலிருந்து அதுவே வேட்டையாட வேண்டும்.

ஆயாவின் வாயில் நாலைந்து பல் மட்டும் மிச்சமிருந்ததற்குக் காரணம் அவர் ஆயுள் முழுக்க நன்றாக மென்று தின்ற வாயைப் பெற்றிருந்ததுதான்.

டைனோசாருக்கு வருவோம், பிள்ளைகள் அதற்காகத்தான் பொறுமையாக இருக்கிறார்கள். டைனோசார்கள் மாற்றுகிற கட்சி. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றின என்பதைக்கூட நாள்கணக்காகச் சொல்ல முடிகிறது. எப்படி?

பல்லின் உள்பகுதியான டென்டைன் ஒரேயடியாக வார்த்ததல்ல. நாளுக்கு ஒரு பூச்சு. ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய கோட்டை விட்டுப் போகிறது. ஃபான் எப்னர் என்ற ஆஸ்திரிய உடற்கூறு அறிஞரின் பெயரால் அவற்றை எப்னர் கோடுகள் என்பார்கள். டைனோசார் பல்லை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு இழைத்து, நுண்ணோக்கியில் வைத்தால் கோடுகள் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பது முதல் நூறு கோடுகள்வரை. வேலைக்கு வந்த நாளெல்லாம் மஸ்டரில் கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒரு குழியில் வேலை செய்கிற பல்லுக்கு 200 கோடு, அதன் அடியில் காத்திருக்கும் பல்லுக்கு 144 கோடு என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 56. அந்த வாயில் 56 நாளுக்கு ஒரு புதுப் பல் பிறந்திருக்கிறது. இவ்வளவு எளிய கழித்தல் கணக்கு! 1996இல் கிரிகரி எரிக்சன் என்ற ஆய்வாளர் இந்த முறையில் எண்ணி, டைரனோசாரஸுக்கு 777 நாள் என்று எழுதினார். அவ்வளவு பெரிய பல், இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்தது. கழுத்து நீண்ட தாவர உண்ணிகளில் டிப்ளோடோகஸுக்கு 35 நாள், ஆப்பிரிக்காவின் நைஜர்சாரஸுக்கு இரண்டே வாரம் என்கிறது இன்னொரு குழுவின் கணக்கு. தரையோடு தரையாக மேய்ந்து, மண்ணும் மணலும் பல்லைத் தின்ற வாய் அது.

56 என்று நான் சும்மா சொல்லவில்லை. மடகாஸ்கரின் மஜுங்கசாரஸ் என்ற ஊனுண்ணிக்கு 2019இல் வெளியான கணக்கு அதுதான். மஜுங்கசாரஸ் எலும்பைக் கரண்டித் தின்றது. அதன் பல் பதிந்த எலும்புகள் கிடைத்திருக்கின்றன. எலும்பைக் கரண்டினால் பல் சீக்கிரம் போகும், சீக்கிரம் வர வேண்டும். நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டிக்கொண்டிருந்த நிலம். குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003இல் பெயர் பெற்ற ராஜசாரஸ், மஜுங்கசாரஸின் குடும்பம்.

இந்த நாள்கோடுகள் நம் பல்லிலும் உண்டு பிள்ளைகளே. இன்னொன்றும் உண்டு. தாயின் வயிற்றிலேயே பால்பல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது உடல் படுகிற அதிர்ச்சியில் அந்தப் பல்லில் ஒரு அழுத்தமான கோடு விழுகிறது. அதற்கு இந்தப் பக்கம் பிறந்த பின் வளர்ந்த பல், அந்தப் பக்கம் பிறக்கும்முன் வளர்ந்த பல். நான் சாணி உருண்டையில் வைத்து எறிந்தது என் பிறந்த நாளை.

இனி நம் மாநிலம். விழுப்புரத்தில் பிரிந்து கார்டு லைனில் திருச்சி போகிற ரயில், அரியலூரில் நிற்கும். சிமென்ட் ஆலைகள் இருப்பதால் அந்த ஊரை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுண்ணாம்புக்கல் பழைய கடலடி. காரை என்ற ஊரையொட்டி வெட்டவெளியாகக் கிடக்கும் களிமண் ஓடைகளில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய இக்தியோசார்களின் பல்லும் முதுகெலும்பும், கூடவே சுறாப் பற்களும் கிடைத்திருக்கின்றன. இக்தியோசார் மீன் வடிவெடுத்த ஊர்வன. அதன் பற்கள் தனித்தனிக் குழியில் இல்லை, தாடை நெடுக ஓடும் ஒரே வாய்க்காலில் நட்டவை.

கல்லமேடு அதே வட்டாரம்தான். டைனோசார் காலத்தின் கடைசிக் கட்டம், ஆறரைக் கோடி ஆண்டுகளைக் கொஞ்சம் தாண்டியது. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கணுக்கால் எலும்பே இரண்டு மீட்டர். மன்னியுங்கள், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பைச் சொல்ல வந்தேன். உலகத்தின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பொருபொருவென்ற எலும்பு, ஈரம் பட்டுப் பட்டு உதிர்ந்து மண்ணாகிவிட்டது. வரைபடங்களும் சில புகைப்படங்களுமே மிச்சம்.

அதே கல்லமேட்டு மண்ணை ஜி.வி.ஆர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி, ஓம்கார் வர்மா முதலிய ஆய்வாளர்கள் அள்ளிச் சல்லடையில் கழுவினார்கள். மீன் சந்தையில் இறாலை அலசுகிற மாதிரி, தண்ணீரில் ஆட்டி ஆட்டி, தங்கியதை நுண்ணோக்கியின் கீழே குறட்டால் கிளறினார்கள். ஒரு சின்னஞ்சிறு பல் கிடைத்தது. விளிம்பில் பெரிய பெரிய ரம்பப் பற்கள். ட்ரூடான்டிட் என்ற, பறவைக்கு நெருங்கிய டைனோசார் குடும்பத்தின் பல் என்று 2013இல் அறிவித்தார்கள். அதுவரை அந்தக் குடும்பம் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்ற வடக்கு நிலங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. தென்னிலத்தின் இந்தியாவில் அதற்கு என்ன வேலை? ஒரு பல் உலகப்படத்தையே கேள்வி கேட்டது. அதே ஆண்டில் அதே ஊரிலிருந்து இன்னொரு பல். மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற, தாவரம் தின்ற குட்டை மூக்கு முதலையின் பல்லை ஒத்தது. பழைய ஒட்டுறவுக்குச் சாட்சி.

இரண்டு மீட்டர் எலும்பு கரைந்துபோன மண்ணில் அரைக் கடுகு மாதிரியான பல் எப்படி நின்றது? எனாமல் காரணம். உடம்பிலேயே கடினமான பொருள் அது. இன்னொரு காரணம் நாம் இவ்வளவு நேரம் பேசியது. ஒரு விலங்குக்கு ஒரே எலும்புக்கூடுதான், அதுவும் செத்தால்தான் மண்ணுக்கு வரும். மாற்றுகிற வாயோ உயிரோடிருக்கும்போதே ஆற்றிலும் குளத்திலும் பல்லைச் சிந்திக்கொண்டே போகிறது. சிந்திய பற்களில் ஏதோ ஒன்று தப்பிப் பிழைக்கும். தமிழ்நாட்டின் டைனோசார்களைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பங்கு இப்படி விழுந்த பற்கள் கொடுத்தது.

ஒற்றைப் பல்லை நம்புவதில் ஆபத்தும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் திகி பாறைகளில் கிடைத்த ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை வைத்து 2005இல் திகிதீரியம் என்று பெயரிட்டார்கள். டிரயாசிக் காலத்துப் பாலூட்டி, உலகின் மிகப் பழையவற்றில் ஒன்று என்று பாடப்புத்தகம்வரை பேசப்பட்டது. நானே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். 2024இல் இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் அந்தப் பல்லின் வடிவத்தை மீண்டும் அலசி, இது மூஞ்சூறின் பல், காலத்தால் வெகு பிந்தியது, எப்படியோ பழைய மண்ணோடு கலந்துவிட்டது என்று எழுதினார்கள். படித்ததும் மனம் வலித்தது உண்மை. ஆனால் அவர்களுக்கும் ஆதாரம் அதே பல்தான். அதன் மேடு பள்ளங்களை இன்னும் கவனமாகப் பார்த்தார்கள், அவ்வளவே. அரியலூரின் திராவிடோசாரஸும் இப்படித்தான். 1979இல் முதுகில் தகடு வைத்த டைனோசார் என்றார்கள். சங்கர் சட்டர்ஜி, இல்லை, கடல்வாழ் பிளீசியோசார் என்றார். 2017இல் அய்யாசாமியும் கால்டன் என்ற ஆய்வாளரும் மறுபடி டைனோசாரேதான் என்று எழுதினார்கள். அந்தக் குவியலில் ஒரு பல்லும் உண்டு. வழக்கு இன்னும் நடக்கிறது. வழக்கை முடித்து வைக்கப் போகிறவர் இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கலாம். அரியலூர் இங்கிருந்து ஒரு நாள் ரயில் பயணம்கூட இல்லை.

நேரமாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரிக்கிறேன். உப்புத் தண்ணீரில் அலசித்தான் கொண்டுவந்தேன், ஆனாலும் மீன் வாடை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முன்வரிசையில் விரல் வைக்க வேண்டாம், ரம்பம் மாதிரி கிழிக்கும். உள்பக்கம் சவ்வை மெதுவாக இறக்கி, கடைசி வரிசையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே இருக்கிற பற்கள் இன்னும் கெட்டிப்படவில்லை, நகம் பட்டால் வளையும். இன்று விடிவதற்கு முன் கடலில் அவை வளர்ந்துகொண்டிருந்தன.